கருவிழி தெரியும், அட்டை செல்லாது: பெஷாவர் கைது ஒன்றின் ஆய்வு

நடந்தது

2016 அக்டோபர் 26 அன்று பெஷாவர் நகரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்த எஃப்ஐஏ, அதாவது பாகிஸ்தானின் மத்தியப் புலனாய்வு அமைப்பு, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு விதவையைக் கைது செய்தது. ஆப்கானிஸ்தானைச் சேர்ந்தவராக இருந்துகொண்டு, பொய்த் தகவல் கொடுத்து பாகிஸ்தானின் தேசிய அடையாள அட்டையை வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு பெஷாவரில் இப்படிப்பட்ட வழக்குகளுக்குக் குறைவே இல்லை. இது மட்டும் உலகெங்கும் தலைப்புச் செய்தியானதற்குக் காரணம், அந்தப் பெண் ஷர்பத் குலா. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில், சிவப்பு முக்காட்டுக்குள்ளிருந்து பச்சைக் கண்களால் உற்றுப் பார்த்த சிறுமி.

படத்தை எடுத்தவர் ஸ்டீவ் மெக்கரி. ஆண்டு 1984. பெஷாவரை ஒட்டிய நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரத்துக்குள் நடந்த ஒரு பள்ளியில் எடுத்தது. சோவியத் போரின்போது மலை தாண்டி வந்த சிறுமிக்கு அப்போது ஏறக்குறைய 12 வயது. அவள் பெயர் என்ன என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை. படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பெயர் 2002 வரை தெரியவில்லை.

அந்த ஆண்டு மெக்கரியும் இதழின் குழுவும் அவரைத் தேடிப் போனார்கள். நாசிர் பாக் முகாம் மூடப்படவிருந்த சமயம். விசாரித்து விசாரித்து, கடைசியில் ஆப்கானிஸ்தானிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். அவர்தானா என்று எப்படி உறுதி செய்வது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன் பழைய படத்தில் இருந்த கண்ணையும் புதிய படத்தில் இருந்த கண்ணையும் தான் உருவாக்கிய கருவிழி ஒப்பீட்டு முறையில் வைத்துப் பார்த்தார். ஆதார் எடுக்கும்போது நாம் கண்ணைக் காட்டுகிறோமே, அந்தத் தொழில்நுட்பத்தின் வேர் இவருடையதுதான். முடிவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை: இரண்டும் ஒரே ஆள்.

இந்த வழக்கில் என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான். ஒரு மனிதர் யார் என்பதை அறிவியல் இங்கே மிகத் துல்லியமாக நிறுவியது. அப்படி நிறுவப்பட்ட 14 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பெண் அடையாள மோசடிக்காகச் சிறை போகிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே 2002-இல், அதே பெஷாவர் பக்கத்தில், தக்தா பேக் என்ற இடத்தில் ஐ.நா. அகதிகள் முகமை ஒரு மையத்தை நடத்திவந்தது. தாலிபான் வீழ்ந்த பிறகு ஆப்கானியர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்புவோருக்குப் பயணச் செலவுக்கென்று ஒரு தொகை தரப்பட்டது. சிலர் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி, மறுபடி வந்து மறுபடி வாங்கினார்கள். அதைத் தடுக்க அக்டோபரில் கருவிழிச் சோதனை வந்தது. டாக்மனின் கணக்குமுறையேதான். பெயர், ஊர் எதையும் அந்தக் கருவி சேமிக்கவில்லை. ‘இந்தக் கண் இதற்கு முன் இங்கே வந்திருக்கிறதா?’ என்று மட்டும் பார்க்கும். வந்திருந்தால் பணம் கிடையாது. ஏமாற்று நடந்தது உண்மை, தடுக்க வேண்டியதும் உண்மை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓர் அகதியைப் பிழையில்லாமல் அடையாளம் காணும் கருவி கைக்கு வந்தபோது, முதலில் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மறுப்பதற்கு.

பெஷாவர் வழக்கைத் தனியொரு மோசடியாகப் பார்த்தால் அது ரொம்பச் சின்ன வழக்கு. ஆப்கான் அகதிகளுக்கு நாற்பது ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்ட தாள்களின் வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அது புரிய ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தாளும் அரசு கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கான பதில். எத்தனை பேர் இருக்கிறீர்கள்? யார் கட்சி? எப்போது போவீர்கள்? ‘என் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க எதைக் காட்டுவது?’ என்று அகதி கேட்ட கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூடப் பதிலாக எழுதப்படவில்லை.

தாள்களின் வரிசை

பாகிஸ்தான் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. தனி அகதிகள் சட்டமும் கிடையாது. இருப்பது 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம். இது பிரிட்டிஷ் இந்தியாவில் எழுதப்பட்டது. நம் பக்கத்திலும் 2025 வரை இதே சட்டம்தான் நடைமுறையில் இருந்தது, தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களும் அதன் கண்ணில் வெறும் வெளிநாட்டவர்கள்தான். அகதி என்றொரு வகையே அந்தச் சட்டத்தில் இல்லை. உள்ளே இருக்க அனுமதி உள்ளவர், இல்லாதவர் என்ற இரண்டே வகை. ஆகவே பாகிஸ்தானில் ஆப்கானியரின் நிலை முழுக்க அவ்வப்போதைய அரசாணையைப் பொறுத்தது.

1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்ததும் வந்தவர்களுக்குக் கிடைத்த முதல் தாள் ‘ஷனாக்தி பாஸ்’ எனப்பட்ட குடும்பப் பாஸ்புத்தகம். குடும்பத் தலைவர் பெயரில் ஒன்று. அதைக் காட்டினால் கோதுமையும் எண்ணெயும் கிடைக்கும். நம் ரேஷன் கார்டு மாதிரி என்று தோன்றலாம், ஆனால் இதில் ஒரு முடிச்சு இருந்தது. பெஷாவரில் பாகிஸ்தான் அரசு ஏற்றுக்கொண்டிருந்த ஏழு முஜாஹிதீன் (சோவியத் எதிர்ப்புப் போராளி) கட்சிகளில் ஏதாவது ஒன்றில் சேர்ந்திருந்தால்தான் நடைமுறையில் பாஸ் கிடைக்கும். சோறு வேண்டுமென்றால் ஒரு போர்க் கட்சியின் உறுப்பினராக வேண்டும். 30 லட்சம் பேருக்கு மேல் இப்படித்தான் கணக்கில் வந்தார்கள். 1995-இல் பொது ரேஷன் நின்றதும் பாஸ்புத்தகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு, தாலிபான் ஆட்சிக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2001 தொடக்கத்தில் ஜலோசாய் முகாமில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்குக் கீழே கிடந்த பல்லாயிரம் பேரைப் பதிவு செய்யக்கூட ஐ.நா. முகமையைப் பாகிஸ்தான் அனுமதிக்கவில்லை. பதிந்தால் தங்கிவிடுவார்கள் என்ற பயம்.

அடுத்த தாள் வர 2006 ஆயிற்று. முன்னோட்டமாக 2005 பிப்ரவரி, மார்ச்சில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 30 லட்சத்துக்குச் சற்று மேலான ஆப்கானியர்கள் எண்ணப்பட்டார்கள். 2006 அக்டோபரிலிருந்து 2007 பிப்ரவரி வரை, பாகிஸ்தானின் குடிமக்கள் பதிவு நிறுவனமான நாட்ரா, ஐ.நா. முகமையின் பணத்தோடு பதிவு நடத்தியது. ஐந்து வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை, படம், கைரேகை. ஏறக்குறைய 21.5 லட்சம் பேர் பதிந்தார்கள். இதுதான் பிஓஆர் கார்டு என்று எல்லோரும் சொல்லும் பதிவுச் சான்று அட்டை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: முந்தைய பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். கணவன் பெயருக்கோ கொழுந்தன் பெயருக்கோ கீழே ஒரு வரியாக இருந்த பெண்களுக்கு முதன்முறையாகத் தங்கள் முகம் போட்ட அட்டை கிடைத்தது. தெருவில் போலீஸ் பிடித்தால் காட்ட ஒன்று இருந்தது. பின்னாளில் அதை வைத்துப் பிள்ளைகளின் பிறப்பையும் பதிய முடிந்தது.

ஆனால் அட்டையிலேயே அதன் எல்லையும் அச்சாகியிருந்தது. வைத்திருப்பவர் பாகிஸ்தானில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஆப்கான் குடிமகன். செல்லுபடியாகும் காலம் 2009 டிசம்பர் வரை. தவிர, 2005-இல் எண்ணப்பட்டவர்களுக்கு மட்டுமே 2006-இல் பதிவு. கணக்கெடுக்க வந்தவரிடமிருந்து ஒதுங்கிப் போனவர்கள், அந்த மாதம் ஊருக்குப் போயிருந்தவர்கள், பிறகு திரும்பி வந்தவர்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே. அந்தக் கதவு மறுபடி திறக்கவே இல்லை.

2009 முடிந்தபோது 2012 வரை நீட்டினார்கள். பிறகு 2013 ஜூன். பிறகு 2015 டிசம்பர். அதற்குப் பிறகுதான் வேடிக்கை: ஆறு மாதம், இன்னோர் ஆறு மாதம், மூன்று மாதம், 2018 ஜனவரியில் வெறும் 30 நாள். 2015 டிசம்பர் என்று தேதி அச்சிட்ட அட்டைகளோடுதான் மக்கள் 2021 வரை நடமாடினார்கள். நீட்டிப்பு இருப்பது இஸ்லாமாபாத்தில் ஓர் அரசாணையில்; அட்டையில் இருப்பது பழைய தேதி. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் எதைப் படிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

பொய் அட்டைக்கு ஏன் போனார்கள்

ஷர்பத் குலாவின் தேசிய அட்டை விண்ணப்பம் 2014 ஏப்ரலில் பெஷாவரில் கொடுக்கப்பட்டது. பெயர் ஷர்பத் பீபி. மகன்கள் என்று இரண்டு ஆண்களின் பெயர்களும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தன; அவர்கள் அவருடைய மகன்கள் இல்லை என்று உறவினர்களே பின்னர் சொன்னதாகச் செய்தி வந்தது. 2015 தொடக்கத்தில் பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டுவந்தன. விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த முகத்தை யாருக்குத்தான் தெரியாது! நாட்ரா ஊழியர்கள் சிலர் மீதும் விசாரணை வந்தது.

ஏன் செய்தார் என்பதை விடுதலைக்குப் பிறகு பிபிசி பேட்டியில் அவரே சொன்னார். காரணம் இரண்டு: பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், வீட்டை விற்க வேண்டும். அட்டை இல்லாமல் இரண்டும் நடக்காது.

இந்த இரண்டு காரணமும் போதும், பதிவுச் சான்று அட்டையின் ஓட்டை தெரிந்துவிடுகிறது. பாகிஸ்தானில் 13 இலக்க தேசிய எண் இல்லாமல் நிலமோ வீடோ சொந்தப் பெயரில் பத்திரம் பதிய முடியாது. ஆகவே ஆப்கானியர்கள் வாங்கிய வீடு, கடை, லாரி எல்லாம் தெரிந்த பாகிஸ்தானியர் யாருடைய பெயரிலாவது இருக்கும். அந்த ஆள் நல்லவராக இருக்கும் வரை சரி. பதிவுபெற்ற அகதிகள் வங்கிக் கணக்கு திறக்கலாம் என்று இம்ரான் கான் அரசு அறிவித்ததே 2019 பிப்ரவரியில்தான். அட்டை வந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு. 2015-இல் எல்லா சிம் கார்டுகளையும் கைரேகை வைத்துச் சரிபார்க்கச் சொன்னபோது, ஒப்பிட்டது நாட்ராவின் குடிமக்கள் தரவுத்தளத்தோடு. அகதிகளின் கைரேகையும் அதே நிறுவனத்திடம்தான் இருந்தது, ஆனால் வேறு பெட்டியில். எத்தனையோ பேர் அக்கம்பக்கத்தார் பெயரில் சிம் வாங்கிப் பேசினார்கள்.

அப்படியானால் நேர் வழியில் குடியுரிமை கேட்கலாமே என்ற கேள்வி நியாயமானது. பாகிஸ்தானின் 1951 குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, நாட்டில் பிறந்தவர் எவரும் குடிமகன் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆப்கான் அகதிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் நடைமுறையில் அது மறுக்கப்பட்டது. பிரதமரான அடுத்த மாதமே, 2018 செப்டம்பரில், இம்ரான் கான் கராச்சியில் இந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தருவோம் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் பேச்சு அடங்கிவிட்டது. திருமண வழி? 10-ஆவது பிரிவின்படி பாகிஸ்தான் ஆணை மணக்கும் வெளிநாட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமை உண்டு, பாகிஸ்தான் பெண்ணை மணக்கும் வெளிநாட்டு ஆணுக்கு இல்லை. இது பாரபட்சம் என்று 2007-இல் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றமே சொன்னது. சட்டம் அப்படியேதான் இருந்தது.

எஞ்சியது குறுக்கு வழி. நாட்ராவின் பதிவு குடும்ப மரமாகக் கட்டப்பட்டது. ஒரு பாகிஸ்தான் குடும்பத்தின் மரத்தில் மகளாகவோ அத்தையாகவோ மனைவியாகவோ ஒட்டிக்கொண்டால் போதும், எண் வந்துவிடும். எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே பஷ்தூன் குலங்கள், ஒரே மொழி, ஒரே பெயர்கள். ஒட்டவைப்பதற்கு ஓர் அன்பான குடும்பமோ காசு வாங்கும் ஒரு தரகரோ, அலுவலகத்துக்குள் கண்ணை மூடிக்கொள்ளும் ஓர் ஊழியரோ தேவை. ஷர்பத் குலா விஷயத்தில் எது நடந்தது என்பது இந்த ஆய்வுக்கு அவ்வளவு முக்கியமில்லை. நேர் வழி அடைத்திருந்தது, குறுக்கு வழிக்கு ஒரு விலை இருந்தது, இவ்வளவுதான் விஷயம்.

ஏன் 2016

மோசடி வெளியே வந்தது 2015 தொடக்கத்தில். கைது 2016 அக்டோபரில். நடுவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்தக் கோப்பு சும்மா கிடந்தது. அதை எழுப்பியது வேறொரு பொய் அட்டை.

2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் பாகிஸ்தான் தாலிபான்கள் 130-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த தேசியச் செயல்திட்டத்தின் 20 அம்சங்களில் ஆப்கான் அகதிகளைப் பதிவு செய்து ஒரு கொள்கை வகுப்பதும் ஒன்று. பயங்கரவாதத்தை ஒழிக்கும் திட்டத்தில் அகதிப் பதிவு ஓர் அம்சமாக ஏறியது அப்போதுதான். பிறகு 2016 மே 21. பலுசிஸ்தானில் அமெரிக்க ட்ரோன் ஒரு காரைத் தகர்த்தது. உள்ளே இருந்தவர் ஆப்கான் தாலிபான் தலைவர் முல்லா மன்சூர். அவரிடமிருந்த பாகிஸ்தான் ஆவணங்களில் பெயர் வலீ முகம்மது. உலகம் தேடிய ஆளிடம் பாகிஸ்தானின் அசல் அடையாள அட்டை!

அவமானம் தாங்காத உள்துறை அமைச்சர் நிசார் அலி கான், நாட்டின் எல்லா அடையாள அட்டைகளையும் மறு சரிபார்ப்பு செய்ய உத்தரவிட்டார். 60,000-க்கும் மேற்பட்ட போலி அட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டதாக அந்த ஆண்டே அதிகாரிகள் சொன்னார்கள். சந்தேகத்தின் பேரில் முடக்கப்பட்டவை அதைப்போலப் பல மடங்கு. முடக்கப்பட்டவர்களில் தலைமுறை தலைமுறையாகப் பாகிஸ்தானியரான பஷ்தூன்களும் இருந்தார்கள். அட்டையைத் திரும்பப் பெற 2017-இல் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, 1978-க்கு முந்தைய நிலப் பத்திரம். பழங்குடிப் பகுதிகளில் நில அளவையே சரியாக நடந்திராத நிலையில், அந்த ஊர்க்காரர் எங்கே போவார்? ஆப்கானியரை வடிகட்டப் போட்ட சல்லடையில் சொந்தக் குடிமக்களும் சிக்கிக்கொண்டார்கள்.

அதே 2016 ஜூன் 1 முதல் டோர்காம் எல்லையில் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. அதுவரை சந்தைக்குப் போவது மாதிரி மக்கள் போய்வந்த பாதை அது. அந்த ஆண்டில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர்கள் பாகிஸ்தானை விட்டுப் போனார்கள். அவர்களில் 3.7 லட்சம் அளவுக்குப் பதிவுபெற்றவர்கள். திரும்புவோருக்கான உதவித்தொகையை ஐ.நா. முகமை அந்த ஜூனில்தான் தலைக்கு 200 டாலரிலிருந்து 400 டாலராக உயர்த்தியிருந்தது. பதிவு அட்டையை ஒப்படைத்து, தரவுத்தளத்திலிருந்து பெயரை நீக்கிக்கொண்டால்தான் அந்தப் பணம். அட்டை இல்லாதவருக்கு அது இல்லை. ஒரு பத்திரமும் பதிய உதவாத அட்டை, அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மட்டும் 400 டாலர் பெற்றது.

ஷர்பத் குலாவின் கைது இந்த வேளையில் வந்தது. ஓர் அரசு தான் கண்டிப்பாக இருப்பதாகக் காட்ட விரும்பியபோது, எல்லோருக்கும் தெரிந்த முகம் ஒன்று ஏற்கெனவே கோப்பில் இருந்தது. இதை நான் ஊகமாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே இந்த விதவையின் கோப்பை எடுக்க வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீதிமன்றத்தில்

நீதிமன்ற நடவடிக்கை சுருக்கமானது. ஏமாற்று, ஆள்மாறாட்டப் பிரிவுகளோடு வெளிநாட்டவர் சட்டமும் சேர்த்து வழக்கு. நீண்ட சிறைத்தண்டனைக்கு வாய்ப்பு இருந்தது. ஜாமீன் மறுக்கப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. நவம்பர் 4 அன்று பெஷாவர் சிறப்பு நீதிமன்றம் 15 நாள் சிறை, 1,10,000 ரூபாய் அபராதம், பிறகு நாடுகடத்தல் என்று தீர்ப்புச் சொன்னது. கைதான நாளிலிருந்து கணக்கிட்டதால் தண்டனை சில நாள்களில் முடிந்துவிடும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனையோடு வெளியேறுவது வழக்கறிஞரின் பார்வையில் நல்ல முடிவுதான். ஆனால் இந்தத் தீர்ப்பில் எது விசாரிக்கப்படவில்லை என்று பாருங்கள். 1984-இலேயே பாகிஸ்தான் மண்ணில் அகதியாக இருந்ததற்கு உலகமே சாட்சியான ஒருவரை, முப்பத்திரண்டு ஆண்டு கழித்து எந்த நிலையில் வைப்பது என்ற கேள்வி எழவே இல்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதால் நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தங்கிய காலத்துக்கு எடை கிடையாது. முந்தாநாள் வந்தவரும் முப்பது ஆண்டு இருந்தவரும் ஒன்று.

தீர்ப்புக்குப் பிறகு கைபர் பக்தூன்க்வா மாகாண அரசு, மனிதாபிமான அடிப்படையில் அவர் தங்கலாம் என்றது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். நவம்பர் 9 விடிவதற்குள் டோர்காமில் ஆப்கான் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். காபூலில் அதிபர் அஷ்ரஃப் கனி மாளிகையில் வரவேற்றார். குடியிருக்க வீடு தருவதாக உறுதி சொன்னார், அடுத்த ஆண்டு வீடும் கிடைத்தது. அதே மாதங்களில் எல்லை தாண்டிய மற்ற 6 லட்சம் பேரை வரவேற்க மாளிகை இல்லை. குளிர்காலத்துக்கு முன்பு நங்கர்ஹார் மாகாணத்தில் குடிசைக்கு இடம் தேடி அலைந்தார்கள்.

2021 ஆகஸ்டில் தாலிபான்கள் திரும்பியதும் அவர் நிலை மறுபடி ஆட்டம் கண்டது. ஊரறிந்த பெண் முகம் என்பதே அப்போது ஆபத்து. அந்த நவம்பரில் இத்தாலி அரசு அவரை அழைத்துக்கொண்டது. இத்தாலி 1951 உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு.

வழக்குக்குப் பிறகு பதிவு என்னவானது

2016 அனுபவத்திலிருந்து பாகிஸ்தான் அரசு எதுவும் கற்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் அமைச்சரவை ஒரு புதிய கொள்கையை ஏற்றது. மாணவர், தொழிலாளர், வணிகர், பாகிஸ்தானியரை மணந்தவர் போன்றோருக்குத் தனித்தனி விசா, நாட்டுக்கென்று ஓர் அகதிகள் சட்டம் என்றெல்லாம் அதில் இருந்தது. என் கணிப்பில் ஷர்பத் குலா போன்றவர்களுக்குச் சரியான தீர்வு அந்த விசாப் பகுதிதான்: குடியுரிமை தராமலே வீட்டை விற்கவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் வழி. 21 லட்சம் பேரின் கைரேகை பத்தாண்டாக நாட்ராவிடம் இருந்தது; ஆள் யார் என்பதில் சிக்கலே இல்லை. அந்தப் பகுதி காகிதத்தோடு நின்றுவிட்டது. நிறைவேறியது பதிவு மட்டும்.

2017 ஆகஸ்டில், எந்தத் தாளும் இல்லாத ஆப்கானியர்களுக்காக ‘ஆப்கான் குடிமகன் அட்டை’ தொடங்கியது. எல்லோரும் ஏசிசி என்பார்கள். ஏறக்குறைய 8.8 லட்சம் பேர் பதிந்தார்கள். இது அகதி அட்டைகூட இல்லை. ஆப்கான் பாஸ்போர்ட் எடுத்து விசா வாங்கும் வரை பிடித்து அனுப்பாமல் இருக்க ஒரு தாள். 2021 ஏப்ரலில் பதிவுச் சான்று அட்டைகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. கருவிழியும் சேர்த்து, 13 லட்சம் அளவுக்கு மக்கள் தங்கள் விவரங்களைத் திருத்தி, நவீன ஸ்மார்ட் அட்டை வாங்கினார்கள். அதில் தேதி 2023 ஜூன் 30. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு தாலிபானுக்குப் பயந்து வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு இரண்டில் எதுவும் கிடையாது.

ஆக, 2023 வந்தபோது மூன்று படிகள் தயார்: தாளே இல்லாதவர், ஏசிசி உள்ளவர், பதிவுச் சான்று உள்ளவர். பாதுகாப்பு கீழிருந்து மேலே கூடிக்கொண்டு போகும் ஏணி என்றுதான் மக்கள் நம்பினார்கள். 2023 அக்டோபர் 3 அன்று, சட்டவிரோத வெளிநாட்டவர் எல்லோரும் நவம்பர் 1-க்குள் வெளியேற வேண்டும் என்று இடைக்கால உள்துறை அமைச்சர் சர்ஃபராஸ் புக்தி அறிவித்தார். முதலில் தாளே இல்லாதவர்கள். ஆண்டு முடிவதற்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அடுத்து ஏசிசிக்காரர்கள், கெடு 2025 மார்ச் 31. கடைசியில் பதிவுச் சான்று உள்ளவர்கள்: 2025 ஜூன் 30-க்குப் பிறகு நீட்டிப்பு இல்லை, செப்டம்பர் 1 முதல் நாடுகடத்தல். ஏணியின் படிகள் வெளியேற்றும் வரிசையாக மாறின. ஏசிசி வாங்காமல் மறைந்து இருந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் போலீசுக்குக் கஷ்டம். நம்பிப் பதிந்தவரின் முகவரி அரசிடம் ஏற்கெனவே இருந்தது.

பாகிஸ்தான் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல், உலகின் மிகப் பெரிய அகதிக் கூட்டங்களில் ஒன்றை அந்த நாடு தாங்கியது. வெளியிலிருந்து வந்த பணம் 1990-களிலிருந்தே சுருங்கிவிட்டது. பணக்கார நாடுகள் சில ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வதற்கே ஆண்டுக்கணக்கில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தன. அது வெளியேற்றத்தின் அவசரத்தை விளக்கும். ஆனால் பதிவை ஏன் இப்படி அமைத்தார்கள் என்பதை விளக்காது. 2006-இலேயே அட்டையோடு தங்கும் உரிமையைச் சேர்க்காமல், தங்கும் தேதியை மட்டும் சேர்த்தது பணப் பிரச்சினை இல்லை, தேர்வு.

பதிவுச் சான்று வைத்திருப்பவர் இப்போது திரும்பினால், ஐ.நா. முகமையின் மையத்துக்குப் போய் அட்டையை ஒப்படைத்துத் திரும்பிச் செல்லும் படிவம் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை, பள்ளி, நிலம் எல்லாவற்றுக்கும் தேவை ‘தஸ்கிரா’ எனும் ஆப்கான் அடையாளச் சான்று. அதை எடுக்கத் தந்தை வழி உறவினர் ஒருவரின் தஸ்கிராவோ, பூர்வீக ஊரின் பதிவேட்டில் அப்பா, பாட்டன் பெயரோ காட்ட வேண்டும். 1980-களில் பெஷாவர் முகாமில் பிறந்து, இப்போது பிள்ளைகளோடு போகும் ஒருவருக்கு அந்த ஊர் அவர் பார்த்தே இராத ஊர். உடன் வர ஆண் துணை இல்லாத விதவை என்றால் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு.